சட்டை உரிக்கும் பாம்பும் அதை வளர்ப்பவர் காணும் இன்பமும்

அமெரிக்காவில் பாம்புகளைச் செல்லப் பிராணியாக வளர்க்கிறார்களாமே, கொஞ்சவும் தெரியாத, கூப்பிட்டால் வரவும் செய்யாத உயிரிடம் அவர்கள் என்ன இன்பம் காண்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். என் பதில் ஒரே சொல்தான்: சட்டை.

அங்கே அதிகம் வளர்க்கப்படுபவற்றுள் ஒன்று, அந்நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களுக்கு உரிய, நஞ்சற்ற கார்ன் பாம்பு. ஏறத்தாழ 2 மாதம் அடைகாக்கப்பட்ட முட்டையை, மூக்கு நுனியிலுள்ள சிறு முட்டைப்பல்லால் கிழித்துக்கொண்டு ஒரு சாண் நீளக் குட்டி வெளிவருகிறது. ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரித்த பிறகுதான் பெரும்பாலான குட்டிகள் முதல் எலிக்குஞ்சை விழுங்குகின்றன. நன்றாக வளர்க்கப்பட்டால் 20 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடிய அந்தப் பாம்பு, குட்டியாக இருக்கையில் மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கிலும், வளர்ந்தபின் ஆண்டுக்குச் சில முறையும் சட்டை உரிக்கும். உடல் பெருப்பதால் தோல் போதாமல் உரிகிறது என்று மட்டும் சொல்வது சரியாகாது. வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோன முதிய பாம்பும் உரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இதில் என்னை ஈர்ப்பது, பழைய தோல் கழலும் முன்பே புதிய தோல் அதன் அடியில் முழுமையாக உருவாகிவிடுவதுதான். மேல்தோலின் அடியிலுள்ள உயிரணுக்கள் திடீரெனப் பெருகி, செதிலுக்குச் செதில் ஒத்த இன்னொரு மேல்தோலைக் கட்டி எழுப்புகின்றன. சில நாள்களுக்குப் பாம்பு இரண்டு தோல்களை ஒருசேரப் போர்த்தியிருக்கிறது. பிறகு இரண்டுக்கும் இடையிலுள்ள அடுக்கு சிதைந்து, அங்கே நிணநீர் கசிகிறது. பாம்புக்கு இமை கிடையாது; கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில். அந்தச் செதிலும் மாற்றப்படுவதால், இந்தக் கட்டத்தில் கண் பால்படிந்த நீலமாக மங்கிவிடுகிறது. பார்வை குன்றிய பாம்பு உணவை மறுத்து மறைவிடத்தில் சுருண்டு கிடக்கும்; அனுபவமுள்ளவர்கள் அப்போது அதைத் தொடுவதில்லை. வியப்பு என்னவென்றால், கண் மறுபடி தெளிந்து சில நாள் கழித்தே சட்டை கழல்கிறது. உதட்டோரத்தைக் கல்லிலோ மரக்கட்டையிலோ தேய்த்துத் தோலைப் பிளந்துகொண்டு, காலுறையை உட்புறம் வெளியாக உருவுவதுபோல் உருவிவிட்டு அது முன்னேறுகிறது.

வளர்ப்பவர் அந்தச் சட்டையை உடனே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். இரண்டு கண்செதில்களும் வந்திருக்கின்றனவா, வால்நுனி முழுமையாக உள்ளதா என்பதே அவருடைய கவலை. கூண்டில் ஈரப்பதம் குறைந்தால் தோல் துண்டுதுண்டாகக் கிழியும், வாலில் வளையமாகத் தங்கிய தோல் இரத்த ஓட்டத்தை நெரித்து நுனியையே அழுகச் செய்துவிடும். வளர்ந்த பெண் பாம்பு சினையாக இருக்கையில் உரிக்கும் சட்டை இன்னும் இனிப்பான செய்தி: பெரும்பாலும் அடுத்த இரண்டு வாரத்துக்குள் முட்டைகள் வந்துவிடும். குட்டிப்பருவச் சட்டையையும் பத்தாண்டு கழித்து உரித்த சட்டையையும் அருகருகே விரித்து வயிற்றுச் செதில்களை எண்ணினால், எண்ணிக்கை மாறியிருக்காது. முட்டைக்குள் கருவாக இருக்கையிலேயே அது முடிவாகிவிடுகிறது. அதன்பின் செதில்கள் பெரிதாகின்றனவே தவிரப் பெருகுவதில்லை.

பாம்புச் சட்டையைப் பணப்பெட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. அதில் இருப்பது நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் வகைப் புரதமே. ஆனால் அதிலிருந்து, பாம்பின்மேல் ஊசி படாமலே, மரபணுவைப் பிரித்தெடுக்க முடியும்; உண்மையான செல்வம் என்று நான் கருதுவது இதைத்தான். கார்ன் பாம்பில் கருநிறமி இல்லாமல் பிறக்கும் செந்நிற வகைக்குக் காரணமான மரபணுவை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தபோது, அது மனிதரில் பிறவியிலேயே நிறமி குன்றும் வெண்மை நோய்க்குக் (அல்பினிசம்) காரணமாகும் மரபணுக்களுள் ஒன்றாகவே இருந்தது. இத்தனை வகைப் பாம்புகள் வாழும் நம் நாட்டில், கல்லூரி விலங்கியல் துறைகளுக்கு இத்தகைய ஆய்வுக்கென நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்தத் தடை தேவையானது. ஆனால் கிணற்றடியிலோ வைக்கோற்போரிலோ கிடக்கும் சட்டையை இருந்த இடத்திலேயே உற்று நோக்கலாம். நடுமுதுகில் அறுகோணப் பெருஞ்செதில்கள் ஒரே வரிசையாக ஓடி, வாலின் அடிச்செதில்கள் இரண்டாகப் பிளவுபடாமல் இருந்தால், அதை உரித்தது கட்டுவிரியன். அதைப்போலவே தோன்றும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனின் சட்டையில் அந்தப் பெருஞ்செதில் வரிசை இருக்காது.