மெடிக்கல் போர்டுக்குப் போகிறீர்களா? 39-க்கும் 40-க்கும் நடுவில் நிறைய இருக்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இல் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. ஆன்லைனில் யுடிஐடி (மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை) விண்ணப்பம், அரசு மருத்துவமனையில் மெடிக்கல் போர்டு என்ற டாக்டர் குழுவின் பரிசோதனை, பிறகு மாற்றுத்திறனாளிச் சான்றும் அட்டையும். காகிதத்தில் இவ்வளவுதான். நடப்பில் எல்லாம் டாக்டர் போடும் பாதிப்புச் சதவீதத்தில் வந்து நிற்கிறது.

பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்த பராமரிப்பு உதவித்தொகையில் இன்னொரு கோடு இருக்கிறது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு என்றால் 40 போதும். ‘கடுமையான பாதிப்பு’ என்ற பிரிவில் கேட்டால் 75 வேண்டும். கால் பாதிப்புக்கு 60 சதவீத அட்டை வாங்கியவர் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போனால், “இது உங்களுக்கு வராதுங்க, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க” என்பார்கள். தாலுகாவில் இருப்பது வருவாய்த் துறையின் ஓய்வூதியம். அது வேறு திட்டம், வேறு படிவம். இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. எதைக் கேட்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

உடல் குறைபாடு என்றால் போர்டில் அளக்கப்படுவது உறுப்பின் இழப்பு. வேலை போனது, கடன் ஏறியது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

கண்ணில் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கண் முழுதாகப் போயிருந்தாலும், மறு கண் 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் பார்வை) அல்லது அதைவிட நன்றாகத் தெரிந்தால் 30 சதவீதம்தான். அதுவும் கண்ணாடி போட்டுத் தெரிகிற பார்வைதான் கணக்கு. காதுக்கு நேர் எதிர்: காது மிஷினைக் கழற்றிவிட்டுத்தான் சோதிப்பார்கள். சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலாவது இழப்பு இருக்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்று போனால் வெறுங்கைதான். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் அறையில் ‘கேட்டால் பட்டனை அழுத்துங்க’ என்பார்கள். கேட்டால் மட்டும் அழுத்துங்கள். குத்துமதிப்பாக அழுத்தினால் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் பொருந்தாது. நடிக்கிறார் என்ற சந்தேகத்தில், பட்டன் இல்லாமல் கேட்கும் நரம்பை மிஷினே அளக்கும் பெரா டெஸ்ட்டுக்கு வேறு ஊருக்கு எழுதிவிடுவார்கள்.

பக்கவாதம் வந்த இரண்டாம் மாதமே ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நரம்புப் பாதிப்பை ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பிட வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறை இருக்கிறது. டோக்கன் கொடுப்பவர் இதை அப்போதே சொல்லலாம். சொல்ல மாட்டார். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு டாக்டர்தான் சொல்வார்.

மனநலப் பாதிப்பில்தான் கிடைக்க வேண்டிய சதவீதம் அதிகம் கைநழுவுகிறது, அதுவும் குடும்பத்தாரின் வாயால். இதற்கு ‘ஐடியாஸ்’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை ஆண்டு என்பதற்குத் தனியாக 1 முதல் 4. மொத்தம் 20-இல் 8 வந்தால்தான் 40 சதவீதம். “தானா குளிப்பானாம்மா?” என்று டாக்டர் கேட்கிறார். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், “அதெல்லாம் அவனே பண்ணிப்பான் சார்” என்கிறார் அம்மா. நாலு தடவை சொல்லி, வெந்நீர் வைத்து, சோப்பைக் கையில் கொடுத்து, கதவுக்கு வெளியே நின்றால்தான் குளிக்கிறான் என்பதுதான் உண்மை. அந்த உண்மையை அப்படியே சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பழைய சீட்டுகளைத் தேடி எடுங்கள். பத்து ஆண்டுக்கு மேல் நோய் என்று காட்ட முடிந்தால் 4 மதிப்பெண், இரண்டு ஆண்டுக்குள் என்றால் 1. மஞ்சளாகிப்போன ஓர் ஓபி சீட்டுக்கு மூன்று மதிப்பெண் விலை.

இரண்டு குறைபாடு இருந்தால் நேராகக் கூட்டிவிட முடியாது. பெரிய எண் அப்படியே நிற்கும். பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்தால் வரும் மீதி, 90-இல் எத்தனை பங்கோ, சின்ன எண்ணில் அத்தனை பங்குதான் சேரும். 25-உம் 15-உம் சேர்ந்தால் 36-கூட முழுசாக வராது. ஆனால் கண்ணுக்கான 30-உடன் காலுக்கு 15 சேர்ந்தால் சரியாக 40. ஆகவே கண்ணுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காலைச் சொல்லாமல் வராதீர்கள். விண்ணப்பத்திலேயே இரண்டையும் குறியுங்கள்.

பரிசோதனை முகாமுக்கு முந்தின நாள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்து, நாளைக்கு உங்கள் பிரிவு டாக்டர் வருகிறாரா என்று கேளுங்கள். எலும்பு டாக்டர் இருப்பார், நரம்பு டாக்டர் இருக்க மாட்டார். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் தேதி வரிசையில், ஜெராக்ஸ் தனியாக. ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். போட்டோவில் முகம் மட்டும் தெரிந்தால் போதும். முழு உடம்பையும் எடுக்கச் சொல்லும் ஸ்டூடியோக்காரர் பழைய வழக்கத்தில் சொல்கிறார். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் இடம் மாறியதற்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

‘போர்டுல சொல்லி 75 போட்டுத் தர்றேன்’ என்று வாசலில் ஒருவர் நிற்பார். ஏமாற்றிச் சலுகை பெற்றால் பிரிவு 91-இன் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மாட்டுவது அட்டை உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள்தான்.

‘அடுத்த வாரம் வாங்க’ என்றால், காரணத்தையும் தேதியையும் ஓபி சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. சான்று தருவதற்கு ஒரு மாதம் என்றிருந்த கெடுவை 2024 அக்டோபர் திருத்தத்தில் மூன்று மாதமாக நீட்டிவிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில்லாமல் கிடந்தால் விண்ணப்பமே செயலிழந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அவர்கள் தூங்கியதற்கு நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும். அதுவரை விடாதீர்கள். மூன்று மாதம் தாண்டியதும் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு. ‘என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசையில் இருந்தது?’ இந்த ஒரு கேள்வி போதும். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பதால் பல நேரம் பதிலுக்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடும்.

சான்று இல்லை என்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். சதவீதம் குறைவு என்று தோன்றினாலும் பிரிவு 59-இன் கீழ் மேல்முறையீடு செய்யலாம். ‘ரொம்பக் கஷ்டப்படுகிறேன்’ என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். ‘வலது முழங்காலின் அசைவை அளக்கவே இல்லை’, ‘ஆடியோகிராமைப் பார்க்காமல் எழுதினார்கள்’ என்று விடுபட்டதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். எண்ணிலும் எழுத்திலும் சதவீதம் ஒன்றுதானா? நிரந்தரமா, தற்காலிகமா? மறுமதிப்பீடு தேவையில்லை என்று இருக்கிறதா, இத்தனை ஆண்டு கழித்து என்று இருக்கிறதா? துண்டிக்கப்பட்ட காலுக்குத் தற்காலிகச் சான்று கொடுத்திருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். உண்மையிலேயே தற்காலிகம் என்றால், முடியும் தேதிக்கு நான்கு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். மூன்று மாதம் அவர்களுக்கு, ஒரு மாதம் மிஷின் ரிப்பேருக்கு.