கிலோமீட்டரை விடுங்கள், ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்

போன தை மாதம் குன்னூரில் ஒரு பழைய கார் வாங்கினேன். ஒன்பது வருடப் பெட்ரோல் வண்டி, ஓடியது வெறும் 31,000 கிலோமீட்டர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்திருந்தது, ஒரு கீறல் கிடையாது. தினமும் மார்க்கெட், ஞாயிற்றுக்கிழமை சர்ச், அவ்வளவுதான் அதன் உலகம்; ஒரே மூச்சில் மூன்று கிலோமீட்டர் ஓடியதே அபூர்வம். பர்லியார் வழியாக இறங்கி மேட்டுப்பாளையத்தில் ஒரு நெரிசலில் நின்றபோது, மீட்டர் போர்டில் சிவப்பு ஆயில் லைட் ஒரு நொடி மினுக்கியது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்ததும் அணைந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், அளவு சரியாகவே இருக்கிறது. அதற்கு மேல் ஓட்ட மனசு வரவில்லை, ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கோவைக்குக் கொண்டுவந்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் முதலில் செய்தது, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே போன் டார்ச்சை அடித்ததுதான். நல்ல இன்ஜின் என்றால் அந்த ஓட்டை வழியாகத் தேன் நிறத்தில் எண்ணெய் பூசிய இரும்பு மின்ன வேண்டும். இதில் மினுமினுப்பே இல்லை. தார் ரோடு போடும்போது ஓரத்தில் சிந்திக் காய்ந்து கிடக்குமே, அப்படிக் கன்னங்கரேலென்று ஒரு படை. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினார், மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. மூடியின் அடிப்பக்கத்தில் மட்டும் பால் கலந்த காபி நிறத்தில் ஒரு பசை. "எவ்வளவு ஓடுச்சுன்னு பாக்காதீங்க தம்பி, எத்தனை தடவை சூடாகாமலேயே ஆஃப் ஆச்சுன்னு பாருங்க" என்றார். இந்த ஒரு வரிக்குள் இருக்கும் வேதியியலைத்தான் விரித்துச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் பழைய கார் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் மீட்டரில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கிறார்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் தண்ணீர்தானே. அதில் பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும், காலையில் வண்டி கிளப்பும்போது சைலன்சர் நுனியில் சொட்டுகிறதே, அது இதுதான். ஆனால் பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கிற பிஸ்டன் ரிங்குகள் நூறு சதவீதம் அடைப்பதில்லை. எரிந்த வாயுவில் சிறு பங்கு ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் சேம்பருக்குள் இறங்கும். அதோடு நீராவியும், எரியாத பெட்ரோலும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் இறங்கும். எந்த இன்ஜினிலும் இது நடக்கும், புது இன்ஜினிலும்தான்.

இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் பிரச்சினை பெரிதாகாது. ஆயில் 90, 100 டிகிரிக்கு வந்துவிட்டால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிக் கிளம்பும். பிசிவி வால்வு என்கிற சின்னக் குழாய் வால்வு அந்த ஆவியை உறிஞ்சி மறுபடி இன்ஜினுக்கே அனுப்பி எரித்துவிடும். ஆனால் குன்னூர்க் குளிரில் இரண்டு கிலோமீட்டர் போய் ஆஃப் செய்தால்? டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததை வைத்து இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த முள் காட்டுவது கூலண்ட்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும், முழுச்சூடு வர இருபது நிமிடம்கூட ஆகலாம். அதுவரை உள்ளே இறங்கிய நீராவி குளிர்ந்த இரும்பில் பட்டு, குழம்புச்சட்டி மூடியில் வேர்ப்பது மாதிரி வேர்த்து, ஆயிலோடு கலந்து நிற்கும். மறுநாளும் அதே கதை. மூடியின் அடியில் பார்த்த காபி நிறப் பசை, எண்ணெயும் தண்ணீரும் அடித்துக் கலந்த அந்தக் கலவைதான். (கூலண்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு நோய், இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் என்கிற அடைப்புத் தகடு போயிருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆயில் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கடையில் வாங்கும் இன்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் இல்லை, அதில் பல மருந்துகள் கலந்திருக்கின்றன. கால்சியம், மெக்னீசியம் கலந்த டிடர்ஜென்ட் ஒன்று, உண்டாகும் அமிலத்தை முறிக்கும். டிஸ்பெர்சன்ட் இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது இது. அதன் மூலக்கூறுக்கு அழுக்கைப் பிடிக்கும் தலையும், எண்ணெயோடு ஒட்டி உறவாடும் நீள வாலும் உண்டு. ஒரு கரித்துகளைப் பல மூலக்கூறுகள் சூழ்ந்து தலையை உள்ளே வைத்து வாலை வெளியே நீட்டிக்கொண்டால், அந்தத் துகள் இன்னொரு துகளோடு ஒட்டவே முடியாது. தனித்தனியாக மிதந்துகொண்டே இருந்து, ஆயில் மாற்றும்போது வெளியே போகும். அதனால் ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அழுக்கைச் சுமக்கிற வேலையை அது செய்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அந்த மருந்து ஓர் அளவுதான் இருக்கிறது. தீர்ந்த பிறகு துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், தண்ணீர் அதைக் கட்டியாக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகள் எரியாத பெட்ரோலோடு சேர்ந்து பிசின் மாதிரி ஒன்றை உண்டாக்கும். எல்லாம் சேர்ந்து, ஆயில் மெதுவாக ஓடும் இடங்களில், இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவர் மூலைகளிலும் சேம்பர் அடியிலும் படியும். இதைத்தான் ஸ்லட்ஜ் என்கிறோம், நல்ல தமிழில் கசடு.

குளிர் இல்லாத ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது, சூடும் இதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது. வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கெட்டியாகும், வாணலி விளிம்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசுக்கு ஏறும் இல்லையா? இன்ஜின் ஆயிலும் அதன் உறவுக்காரன்தான்: சூட்டில் ஆக்சிஜன் ஏறி, மூலக்கூறுகள் கைகோத்து நீண்டு, முதலில் பழுப்பு வார்னிஷ், அப்புறம் கறுப்புப் படை. சூடு 10 டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஒரு பொதுக் கணக்கு. அதனால்தான் சென்னை நெரிசலில் ஊர்ந்து, வருடக்கணக்கில் ஆயில் மாற்றாமல் ஓடிய வண்டிக்கும் இதே கதி.

டிசைனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரையிலான சில டொயோட்டா, லெக்சஸ் மாடல்களில் கசடு புகார்கள் குவிந்து, 2002-ல் அந்த நிறுவனம் சுமார் 33 லட்சம் கார்களுக்கு இதற்கான பழுதுபார்ப்பை எட்டு வருடம் வரை தன் செலவில் செய்து தருவதாக அறிவித்தது. ஓட்டியவர்கள் ஆயிலை நேரத்துக்கு மாற்றவில்லை என்றது நிறுவனம். நேரத்துக்கு மாற்றியும் வந்தது என்றார்கள் உரிமையாளர்கள்.

சரி, கசடு இருந்தால் என்ன ஆகும்? என் வண்டியின் சேம்பரைக் கழற்றி, ஆயில் பம்ப்பின் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னரை அண்ணன் என் கையில் கொடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்பி வலை. அதில் பாதிக்கு மேல் கறுப்பு அடை. பம்ப் ஆயிலை உறிஞ்சுவதே இந்த வலை வழியாகத்தான். இது அடைத்தால் சேம்பர் நிறைய ஆயில் இருந்தாலும் இன்ஜினுக்குப் பட்டினி. இன்ஜினின் முக்கிய சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அதற்குள் அழுத்தத்தோடு நிற்கும் ஆயில் படலம்தான் இரும்பை இரும்பில் உரசவிடாமல் பிடித்திருக்கிறது. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, பம்ப் மெதுவாகச் சுற்றும், சூட்டில் ஆயில் இளகி இருக்கும், அழுத்தம் மிகக் குறைவது அப்போதுதான். மேட்டுப்பாளையத்தில் லைட் மினுக்கியதன் காரணம் இது. அந்த லைட் பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்கு விழுந்த பிறகுதான் எரியும், அதனால் மினுக்கலையே கடைசி எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

வைத்தியம் என்று வரும்போது பலரும் தவறுவது அவசரத்தில். பழைய ஆயிலோடு ஒரு லிட்டர் டீசலை ஊற்றி ஐடிலிங்கில் ஓடவிட்டு வடித்துவிடலாம் என்று இன்றும் சொல்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். 40 டிகிரியில் டீசலின் பிசுபிசுப்பு சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலில் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். அதைக் கலந்தால் பேரிங்கைத் தாங்கும் படலம் மெலிந்துபோகும். அதைவிட ஆபத்து, இளகிய கசடு கட்டி கட்டியாகப் பெயர்ந்து நேராக அந்த ஸ்ட்ரெய்னருக்கே வந்து சேரும். கடையில் விற்கும் ஃப்ளஷ் திரவங்களிலும் கெட்டிக் கசடு உள்ள இன்ஜினுக்கு இதே ஆபத்து உண்டு. லேசான பழுப்புப் படிவுக்கு மட்டும் அவற்றை யோசிக்கலாம்.

நாங்கள் செய்தது கைவேலை. டேப்பெட் கவரையும் சேம்பரையும் கழற்றி, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, சுரண்டியது ஆயில் ஓட்டைகளுக்குள் விழாமல் துணியடைத்து, கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினோம். ஸ்ட்ரெய்னர், பிசிவி வால்வு, பேக்கிங் எல்லாம் புதுசு. பேரிங் ஒன்றைக் கழற்றிப் பார்த்ததில் தேய்மானம் இல்லை, என் நல்ல நேரம். எட்டாத இடங்களில் இருப்பதை நல்ல ஆயிலின் டிடர்ஜென்ட்டே மெல்லக் கரைக்கட்டும் என்று விட்டு, முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டரில் வடித்தோம், அடுத்ததை 2,000-த்தில், அதற்கடுத்ததை 3,000-த்தில். ஒவ்வொரு தடவையும் ஃபில்டரும் மாற்றினோம். இது முக்கியம், ஏனென்றால் ஃபில்டர் அடைத்தால் அதிலுள்ள பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலை அப்படியே இன்ஜினுக்கு விட்டுவிடும்.

நீங்கள் பழைய கார் பார்க்கப் போனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். மூடி மட்டும் துடைத்துப் பளபளவென்று இருந்தால் உள்ளே இன்னும் கூர்ந்து பாருங்கள். சர்வீஸ் பில்களில் கிலோமீட்டரை விட்டுவிட்டுத் தேதிகளை வரிசையாகப் படியுங்கள். பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. என் வண்டியின் பில்களில் ஒரு இடத்தில் இருபத்தேழு மாத இடைவெளி இருந்தது. குறைவாகத்தானே ஓடுகிறது என்று அந்தப் பெரியவர் நம்பிக்கையோடு விட்டிருக்கிறார்.

போன வாரம் மூன்றாவது ஆயிலை வடித்தபோது டேப்பெட் கவரை மறுபடி கழற்றினோம். வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம் ஷாஃப்ட் பழுப்பாக மின்னுகிறது. பின்பக்க மூலையில் மட்டும் விரல்நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு மிச்சம். அதைச் சுரண்ட வேண்டாம், தானாகக் கரையட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் பொள்ளாச்சி வரைக்கும் போய்வருகிறேன், ஆயில் முழுச்சூட்டுக்கு வரட்டும் என்று.