ஏழு மணி நேர ஜிகோ: வறுவலும் அல்ல, ஆட்டுக்காலும் அல்ல

"மெதுவாக வறுத்த ஆட்டுக்கால்." பிரெஞ்சுச் சமையல் காணொளிகளுக்குக் கீழே ஓடும் தமிழ் வரிகளில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. போதாததற்கு "மெதுவறுவல்" என்று ஒரு கலைச்சொல்லும் கிளம்பியிருக்கிறது. அவர்கள் சொல்ல வருவது 'ஜிகோ த செத் ஊர்', அதாவது ஏழு மணி நேர ஜிகோ.

ஜிகோ என்றால் செம்மறியின் பின்தொடை, எலும்போடு முழுசாக. 'ஜிக்' என்ற பழைய நரம்பு இசைக்கருவியின் பெயரிலிருந்து வந்த சொல், தொடையின் வடிவம் அந்தக் கருவியைப் போல இருப்பதால். ஜெர்மனியில் வயலினுக்கு இன்றும் 'கைகெ' என்றுதான் பெயர், அதுவும் இதற்கு உறவு. ஸ்காட்லாந்துக் கறிக்கடைகளிலும் ஜிகோ என்றே கேட்டு வாங்குகிறார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

முதலில் அந்த "ஆட்டுக்கால்". தமிழில் ஆட்டுக்கால் என்றால் சூப்புக்கும் பாயாவுக்கும் போகிற குளம்புப் பக்கம். கறிக்கடையில் போய் ஆட்டுக்கால் கேட்டால் அதைத்தான் வாட்டித் தருவார்கள். ஜிகோவுக்குச் சரியான சொல் கடைக்காரர் வாயிலேயே இருக்கிறது: தொடை. அதிலும் நம் ஊரில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு, இதுவோ செம்மறி, ஆகவே செம்மறித் தொடை என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. "ஏழு மணி ஆட்டுக்கால்" என்று எழுதியவரும் உண்டு. பிரெஞ்சில் 'ஊர்' என்ற ஒரே சொல் கடிகார மணியையும் கால அளவையும் குறிக்கும், தமிழில் 'நேரம்' விட்டுப்போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, வறுவலுக்கு வருவோம். வறுப்பது என்றால் என்ன? மல்லி வறுக்கிறோம், ரவை வறுக்கிறோம், கடலை வறுக்கிறோம். ஈரம் போக வேண்டும், அகப்பையால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், அடுப்பை விட்டு நகரக் கூடாது. மட்டன் வறுவலிலும் சின்னத் துண்டுகளைத்தான் மசாலாவோடு தண்ணீர் சுண்டும்வரை பிரட்டுகிறோம். ஏழு மணி நேர ஜிகோவில் நடப்பது இதற்கு நேர் எதிர். தொடையை எண்ணெயில் நாலு பக்கமும் சிவக்கவிட்டு, கனத்த இரும்புச் சட்டியில் வெங்காயம், கேரட், பூண்டு, தைம் இலையோடு வைத்து, வெள்ளை ஒயின் ஊற்றி மூடி, 120 டிகிரி அளவில் ஓவனில் விட்டுவிடுகிறார்கள். மூடியின் விளிம்பில் மாவு பிசைந்து ஒட்டி அடைப்பவர்களும் உண்டு. ஈரம் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது, கிளறவே கூடாது. அந்த ஈரச்சூட்டில் தசையைப் பிணைத்திருக்கும் கொலாஜன் மெல்ல இளகி ஜெலட்டின் ஆகிறது, கத்தியே வேண்டாம், கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம். இதற்கு இன்னொரு பெயரே 'கரண்டி ஜிகோ'. இதைப் போய் வறுவல் என்று எழுதினால், படிப்பவர் மூடியைத் திறந்து கிளறத்தானே செய்வார்?

பிரெஞ்சுக்காரர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். 'ரொத்தி' வேறு, 'பிரெஸே' வேறு. ரொத்தி என்றால் திறந்த சூட்டில், உள்ளே 55, 60 டிகிரி வந்ததும் இறக்கி, நடுவில் இளஞ்சிவப்பாக வெட்டிப் பரிமாறுவது; ஈஸ்டர் விருந்து ஜிகோ பெரும்பாலும் அப்படித்தான். அதைத் தமிழில் 'சுட்ட தொடை' என்று தாராளமாகச் சொல்லலாம். நம் ஏழு மணி நேர ஜிகோ 'பிரெஸே' வகை; அந்தச் சொல் 'பிரெஸ்', அதாவது கங்கு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஓவன் வராத காலத்தில் சட்டிக்கு அடியிலும் குழிந்த மூடியின் மேலும் கங்கு போட்டு வேகவைப்பார்கள். படித்ததும் நமக்குத் தம் பிரியாணி ஞாபகம் வரும். 'தம்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்றால், பேச்சில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது பாரசீகத்திலிருந்து வந்தது, இங்கே பிரியாணியோடு ஒட்டிக்கொண்டும் விட்டது; 'தம் தொடை' என்றால் உள்ளே அரிசி தேடுவார்கள்.

என் சொல் புழுக்கு. நானாகக் கட்டியது இல்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தில் 'துருவையம் புழுக்கின் பராஅரை வேவை' வருகிறது. துருவை செம்மறி, புழுக்கு வேகவைத்தது, பராரை பருத்த தொடை. அடுத்த அடியிலேயே 'காழின் சுட்ட' கொழுத்த கறி, அதாவது கம்பியில் கோத்துச் சுட்டது, தனியாக வருகிறது. வேகவைத்ததற்கு ஒரு சொல், சுட்டதற்கு ஒரு சொல், அந்தப் புலவருக்குக் குழப்பமே இல்லை. இன்றைக்கும் காற்றோட்டமில்லாத அறையில் ஈரச்சூடு தேங்கினால் புழுக்கம் என்றுதானே சொல்கிறோம்? மூடிய சட்டிக்குள் நடப்பதும் அதுவே. கேரளத்தில் கப்பப் புழுக்கு, அதாவது வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, சாதாரணச் சாப்பாடு. ஆகவே செம்மறித் தொடைப் புழுக்கு. நீளமாக வேண்டுமென்றால் முன்னால் 'ஏழு மணி நேர' சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபமெல்லாம் 'ரோஸ்ட்' என்று கண்ணில் பட்டதும் அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் மேல்தான். கோழி ரோஸ்டுக்கும் வறுவல், காபிக்கொட்டைக்கும் வறுவல், ஓவனில் வைத்த உருளைக்கிழங்குக்கும் வறுவல். அவித்தல், வேகவைத்தல், சுடுதல், வாட்டுதல், வதக்குதல், தாளித்தல், பொரித்தல் என்று அடுப்படியில் இவ்வளவு வினை கிடக்க, ஒரே ஒரு சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். மொழிபெயர்ப்பவர் அடுப்பில் ஒரு தரமாவது சட்டி வைத்திருக்க வேண்டும்.

புழுக்கு என்றால் புழு ஞாபகம் வருகிறதே என்று ஒரு மறுப்பு வரும். புழுங்கலரிசிச் சோறு சாப்பிடும்போது வராத ஞாபகம் இதற்கு மட்டும் ஏன் வர வேண்டும்?