சுங்கம் நிறுத்திய கன்டெய்னருக்கு வாடகை கட்ட வேண்டுமா?

சரக்கை நிறுத்திவைப்பது சுங்கத்துறை. வாடகை பில் வருவது உங்கள் பெயருக்கு. சிறு இறக்குமதியாளர்கள் பலர் இதில் முதலையே இழந்து நிற்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விதி சுருக்கமானது. சுங்கப் பகுதிகளில் சரக்கைக் கையாள்வதற்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 6(1)(எல்) பிரிவின்படி, அதிகாரி கைப்பற்றிய அல்லது நிறுத்திவைத்த சரக்குக்கு ஐ.சி.டி.யும் (உள்நாட்டுக் கன்டெய்னர் முனையம்) சி.எஃப்.எஸ்.ஸும் (கன்டெய்னர் சரக்கு நிலையம்) வாடகையோ டிமரேஜோ (தாமதக் கட்டணம்) வாங்கக் கூடாது.

ஆனால் அந்தப் பிரிவு "வேறு சட்டங்களுக்கு உட்பட்டு" என்றுதான் தொடங்குகிறது. பல பில்கள் பிழைப்பது இந்த வார்த்தைகளால்தான். துறைமுகங்கள் தங்கள் சட்டப்படி வாடகை வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அடுத்தது, சுங்கத்துறை கணினி வழியாக எழுப்பும் கேள்வியும் வழக்கமான பரிசோதனையும் 'நிறுத்திவைப்பு' ஆகாது என்று டெர்மினல் (சரக்கு கிடக்கும் ஐ.சி.டி. அல்லது சி.எஃப்.எஸ்.) சொல்லிவிடும். "சாம்பிள் போயிருக்கு, காத்திருங்க" என்று அதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், கொடுத்த கடிதத்துக்கு முத்திரையுடன் நகல் வாங்குங்கள். பிரச்சினை முடிந்ததும் டிடென்ஷன் சர்டிஃபிகேட்டுக்கு (சரக்கை நிறுத்திவைத்ததற்கான சுங்கத்துறைச் சான்றிதழ்) மனு போடுங்கள். அதைக் காட்டினாலும் டெர்மினலில் "மேலிடத்தில் கேட்கணும்" என்று அலைய விடுவார்கள். சரக்கை எடுத்தே ஆக வேண்டுமென்றால், எதிர்ப்புடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். பேசாமல் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது மிகக் கடினம்.

ஷிப்பிங் லைனுக்கு (கப்பல் நிறுவனம்) கட்ட வேண்டிய கன்டெய்னர் வாடகை தனிக் கணக்கு. கடல்வழிச் சரக்குப் பட்டியலுக்கான 2018ஆம் ஆண்டு விதிகளின்படி இந்த வாடகை கட்டாமலிருக்கும் சலுகை, உங்கள் ஆவணங்கள் சரியென்று முடிவானால்தான் கிடைக்கும். அதுவும் முதல் 60 நாளுக்குத்தான். இழுபறி நீளும் என்று தெரிந்த உடனேயே, சுங்கச் சட்டம் 49ஆம் பிரிவின்கீழ் சரக்கைப் பொதுப் பண்டகசாலைக்கு மாற்ற அனுமதி கேளுங்கள். கன்டெய்னரைக் காலியாகத் திருப்பிவிடலாம். இந்த வழியை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். அப்புறம், 30 நாளில் எடுக்காத சரக்கை நோட்டீஸ் கொடுத்து ஏலம் விட 48ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள்.

உணவுப் பொருள், விதை, ரசாயனம் என்றால் புக்கிங்குக்கு முன்பே விசாரியுங்கள்: சரக்கு போகும் ஐ.சி.டி.யில் உணவுப் பாதுகாப்பு, தாவர நோய்த்தடுப்பு அதிகாரிகள் இருக்கிறார்களா? சாம்பிள் எந்த ஊர் ஆய்வகத்துக்குப் போகிறது? ரயில் பாதையும் கிரேனும் இருந்தும், கையெழுத்துப் போட ஆள் இல்லாத டெர்மினலில் உங்கள் வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.