ஓராங் அஸ்லி: அசல், அசலார் ஆன கதை

போன மாதம் அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை. கோலாலம்பூரில் ஒரு மருந்தகத்தில் வரிசை எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பள்ளி விடுமுறை என்பதால் அக்கா மகளும் கூட வந்திருந்தாள். எதிர் நாற்காலியில் ஒரு தகப்பன், மடியில் இரண்டு வயதிருக்கும் பெண் குழந்தை. குழந்தையின் மருத்துவ அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை ரப்பர் வளையத்தால் இரண்டு சுற்றுச் சுற்றி, நெஞ்சோடு பிடித்திருந்தார். நெடுந்தூரம் மழையில் வந்து பழகியவர்கள்தான் காகிதத்தை அப்படிக் காப்பாற்றுவார்கள்.

அம்மா என் பக்கம் சாய்ந்து, "சக்காய் ஆளுங்க போல. பாவம், எங்கேருந்து வர்றாங்களோ" என்றார்.

"மாமா, சக்காய்னா என்ன?" என்று அக்கா மகள் கேட்டுவிட்டாள். நல்லவேளை, தமிழில்தான் கேட்டாள். ஆனால் 'சக்காய்' என்ற அந்த ஒரு சொல் அந்த மனிதருக்கும் புரியும். அவர் நிமிர்ந்து பார்த்தாரா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உலு சிலாங்கூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். காட்டோரத்திலிருந்து பெத்தாய் என்ற காட்டு அவரையும் தேனும் கொண்டுவந்து, உப்பும் புகையிலையும் வாங்கிப்போனவர்களை அவருடைய அம்மா அந்தப் பெயரால்தான் அழைத்தார். தோட்டத்துத் துரையும் அப்படித்தான் சொன்னார், அரசாங்கக் காகிதமும் அப்படித்தான் சொன்னது. மலேசியத் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான அந்த மக்களுக்கு இன்றைய பெயர் ஓராங் அஸ்லி. அதனால் 'சக்காய்' என்ற சொல்லை ஒருமுறை உட்கார்ந்து பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

மலாயில் 'சக்காய்' என்பது ஒரு தலைவனுக்குக் கீழ்ப்பட்டவன், ஏவலாள் என்ற பொருளில் வழங்கிய சொல். அடிமை என்ற வாடை அதில் ஒட்டியே இருந்தது. காரணமில்லாமல் ஒட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டு வரை தீபகற்பத்தின் காடுகளில் ஆள்பிடி நடந்தது. பெரியவர்களைக் கொன்றுவிட்டு, குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போய் விற்றார்கள். அப்புறம் ஆங்கிலேய ஆட்சி வந்தது, அடிமை முறையை ஒழித்தது. ஆனால் சொல்லை ஒழிக்கவில்லை. அதை எடுத்துத் தன் ஆவணங்களில் ஓர் இனத்தின் பெயராகவே எழுதிக்கொண்டது. 'சக்காய் ஜினாக்', 'சக்காய் லியார்' என்று இரண்டு பிரிவும் வழக்கில் இருந்தன. ஜினாக் என்றால் பழகியது, லியார் என்றால் பழகாதது. யானையையும் காட்டுக்கோழியையும் பற்றிப் பேசும்போது வரும் சொற்கள் இவை. தமிழ்க் காதில் 'சக்காய்' இன்னும் கொடுமையாக விழுகிறது. நமக்கு உடனே நினைவுக்கு வருவது சக்கை, சாறு பிழிந்தபின் எறிவது. இரண்டுக்கும் உறவில்லை, தற்செயலான ஒலி ஒற்றுமைதான். ஆனாலும் அந்தச் சொல்லை நம் வாயிலிருந்து எடுத்துவிட இது ஒன்றே எனக்குப் போதும்.

சரி, 'ஓராங் அஸ்லி' எங்கிருந்து வந்தது? ஓராங் என்றால் மலாயில் மனிதர். அஸ்லி அரபுச் சொல். வேர், மூலம் என்று பொருள்படும் 'அஸ்ல்' என்பதிலிருந்து பிறந்தது. இந்த வேர் நமக்குப் புதிதே இல்லை. 'அசலும் வட்டியும்', 'அசல் நெய்', 'அசல் பத்திரம்' என்று நாம் நாள்தோறும் புழங்கும் அசல் அதே அரபு வேர்தான். பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து, முழுக்கத் தமிழாகிவிட்டது. ஆக, ஓராங் அஸ்லி என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அசல் மனிதர்'.

இங்கேதான் தமிழ் ஒரு விந்தையை வைத்திருக்கிறது. நம்மிடம் இன்னோர் அசலும் உண்டு. 'அண்டை அசலில் கேட்டுப் பார்', 'அசலூர்க்காரன்', 'அசலார் முன்னால் பேசாதே'. இது அயல் என்பதோடு சேர்ந்த சொல்: பக்கத்து வீடு, வெளியாள், நம்மவர் அல்லாதவர். ஒரே ஒலி, ஒரு பக்கம் மூலவர், மறுபக்கம் வெளியாள். ஓராங் அஸ்லி மக்களுக்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்ததைச் சொல்ல இந்த இரண்டு அசல்களுமே வேண்டும்.

முதலில் காடு போனது. ஈயமும் ரப்பரும் வந்தன. ரப்பருக்காகக் காட்டை வெட்டியதில் நம் பாட்டன்களுடைய கையும் உண்டு. கூலிக்காகத்தான் வெட்டினார்கள், வேறு வழியில்லாமல்தான் வெட்டினார்கள். ஆனால் அது யாருடைய காடு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் காடு பழிவாங்கியதுபோல ஒன்று நடந்தது. நிழலில் ஓடிக்கொண்டிருந்த மலையோடைகள் மரம் போனதும் வெயிலில் திறந்துகிடந்தன. அனாஃபிலிஸ் மாகுலாட்டஸ் என்ற கொசுவுக்கு வேண்டியது அதுதான், வெயில் படும் தெளிந்த ஓடைநீர். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், தோட்டங்களில் மலேரியா ஏன் இப்படிக் கொல்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, கொசுவுக்குக் கொசு வேறுபாடு உண்டு, ஓர் இடத்துக்குச் சரியான வடிகால் முறை இன்னோர் இடத்துக்கு ஆகாது என்று கண்டார். நம் ஆட்கள் அதை முறைக்காய்ச்சல் என்றார்கள். லயத்துக்கு லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள்தோறும், பிணம் விழுந்தது. தோட்டத் தமிழர் சாவுகளை நாம் சொல்லிச் சொல்லி நினைவில் வைத்திருக்கிறோம், அது நியாயம். அதே ஓடையின் மேற்கரையிலிருந்து உள்ளே தள்ளப்பட்டவர்களை யாரும் எண்ணிக்கூட வைக்கவில்லை.

பெரிய அடி 1948க்குப் பிறகு விழுந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம். கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் காட்டுக்குள் போனார்கள். காட்டில் வாழ்ந்தவர்களிடம் உணவும் வழித்துணையும் கேட்டார்கள். 'சக்காய்' என்று கூப்பிடாமல் 'அசால்' என்று அழைத்தவர்கள் அவர்கள்தான். மலாயில் அசால் என்றாலும் மூலம்தான், அதே அரபு வேர். சும்மா அழைக்கவில்லை, ஆதரவு வேண்டி அழைத்தார்கள். இருந்தாலும் மரியாதையான பெயர் முதலில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அரசாங்கம் 1960களில் 'ஓராங் அஸ்லி' என்பதை அதிகாரப்பூர்வப் பெயராக்கியதற்குப் பின்னால் இந்தப் போட்டியும் இருக்கிறது.

ஆனால் பெயர் மாறுவதற்குள் உடல்கள் விழுந்துவிட்டன. கெரில்லாக்களுக்குச் சோறு போகக் கூடாது என்று, மலைக்காட்டில் இருந்த மக்களை ஆங்கிலேய அரசு தாழ்நிலத்து முகாம்களுக்கு இறக்கியது. முள்கம்பி வேலி. தோட்டத்து லயங்களையும் அந்த நாளில் வேலிக்குள் அடைத்தார்கள். அந்த வேலியை என் பாட்டி கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் லயத்துக்காரர்களுக்கு நெருக்கமாக வாழ்வது முன்பே பழக்கம். குளிர்ந்த மலையில் பத்துப் பதினைந்து வீடாகச் சிதறி வாழ்ந்தவர்களை, வெக்கையில், நூற்றுக்கணக்கானவர்களோடு ஒரே இடத்தில் நெருக்கி அடைத்தால் என்ன ஆகும்? வேட்டை இல்லை. மரவள்ளியும் மலைநெல்லும் விளைந்த புனம் இல்லை. பங்கீட்டுச் சோறு. அதுவரை அவர்கள் உடல் அறியாத நோய்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நோயால் மட்டும் இல்லை, மனமொடிந்து சாப்பிட மறுத்தும் இறந்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது.

மலைக்குத் தமிழில் இன்னொரு பெயர் அசலம். அருணாசலம், வேங்கடாசலம் என்று நம் பெயர்களிலேயே இருக்கிறது. அசையாதது என்று பொருள். இது வடமொழி, மேலே சொன்ன இரண்டு அசல்களோடும் உறவில்லாதது. முகாம் கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்த மூன்றாவது சொல் என் நினைவில் வந்து நிற்கிறது.

முகாம் திட்டம் தோற்றதை ஆங்கிலேயர் தாமதமாக உணர்ந்தார்கள். 1953 வாக்கில் போக்கை மாற்றி, காட்டுக்குள்ளேயே கோட்டைகள் கட்டி, அங்கே சிறு மருந்தகமும் கடையும் வைத்தார்கள். மருந்து இப்படித்தான் அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்தது, துப்பாக்கியோடு ஒரே கொட்டகையில். இன்றும் பகாங், பேராக், கிளந்தான் உட்காடுகளில் 'போஸ்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களைப் பார்க்கலாம். போஸ் பெத்தாவ், போஸ் லெகாப் என்று. போஸ் என்றால் காவல் நிலை. ஒரு மக்கள் தங்கள் ஊரையே காவல் நிலையின் பெயரால் சொல்லும்படி ஆனது.

அதே 1950களில்தான் கோலாலம்பூரை ஒட்டிய கோம்பாக்கில், நம்மவர் பன்னிரண்டாம் கட்டை என்று சொல்லும் இடத்தில், ஓராங் அஸ்லி மருத்துவமனை வந்தது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே நோயாளி தனியாக வந்து படுக்க வேண்டியதில்லை. குடும்பமே கூட வந்து தங்கலாம். உட்காட்டிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். தனியே விடப்பட்டால் இந்த மனிதர் பிழைக்க மாட்டார் என்று யாரோ ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டதன் விளைவு அந்த ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன். முகாம்கள் கற்றுக்கொடுத்த பாடம், விலை மிக அதிகம்.

சட்டம் அந்த அளவுக்குப் பாடம் கற்கவில்லை. 1954இல், அவசரகாலத்தின் நடுவில் எழுதப்பட்ட பூர்வகுடிச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. நாட்டின் அரசியலமைப்பில் 160ஆம் விதியில் இவர்களுக்குத் தரப்பட்ட விளக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பூர்வகுடி என்றால் மலாய்த் தீபகற்பத்தின் பூர்வகுடி.' சொல்லுக்குப் பொருள் அதே சொல். அகராதி வேலை செய்பவனுக்கு இதைவிட வேதனை வேறில்லை. நிலம் பற்றி நீதிமன்றம்தான் பேச வேண்டியிருந்தது. சிலாங்கூரின் டெங்கிலில் நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த, ஓராங் அஸ்லியில் ஓர் இனமான தெமுவான் மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில், 2002இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் வழிவழி நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்றது.

நிலத்தையும் உடல்நலத்தையும் தனித்தனியாகப் பேச முடியாது என்பதற்கு 2019 சாட்சி. கிளந்தான் குவா மூசாங் அருகே கோல கோ கிராமத்தில் பத்தெக் என்ற ஓராங் அஸ்லி இன மக்களில் பத்துப் பேருக்கு மேல் சில வாரங்களில் இறந்தார்கள். நோய் தட்டம்மை என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. நம் பாட்டிமார் மணல்வாரி என்று வேப்பிலை கட்டி வைத்த அதே நோய், தடுப்பூசி வந்து பல பத்தாண்டுகள் ஆன நோய். சுற்றிலும் காடு போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்ட ஊர் அது. காட்டில் அலைந்து உண்டவர்களுக்குக் காடு சுருங்கினால் தட்டில் விழுவது சுருங்கும், தட்டு சுருங்கினால் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி சுருங்கும். அப்புறம் அம்மை வந்தால் போதும்.

சரியான தமிழ்ச் சொல் எது? நம் செய்தித்தாள்கள் 'பூர்வகுடி' என்று எழுதுகின்றன. பிழையில்லை. பூர்வம் வடமொழி, குடி தமிழ். 'ஆதிவாசி' இந்தியாவிலிருந்து வந்தது, இங்கே ஒட்டாது. 'காட்டுவாசி', 'மலைவாசி' இரண்டும் வேண்டாம். அவை ஆளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்கின்றன, அந்த இடத்தையும் நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

என் தேர்வு பழங்குடி. பலர் இதைத் தயங்குவார்கள், தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் நினைவுக்கு வருவதால். அது அரசாங்கப் பட்டியல் போட்டபின் வந்த பொருள். அதற்கு முன்னால் இந்தச் சொல் இருந்த உயரத்தைப் பாருங்கள். குறளில் குடிமை அதிகாரத்தில் வருகிறது: 'வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும் பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று.' கொடுப்பதற்குக் கையில் இல்லாத நிலை வந்தாலும் தன் பண்பிலிருந்து விலகாதது பழங்குடி. தொன்றுதொட்டு வந்த பெருமைக்குரிய குடும்பம் என்ற பொருளில் வள்ளுவர் ஆண்ட சொல் அது. தொல்காப்பியத்தின் 'முதுகுடி'யும் நல்ல சொல்தான். படையெடுத்து வந்த வேந்தனுக்குப் பெண் தர மறுத்து நின்ற குடிகளை அது குறிக்கிறது. ஆனால் பேச்சில் பழங்குடி நிற்கும், முதுகுடி கட்டுரையில் மட்டும் நிற்கும்.

இது பொதுப்பெயர். நம் நாட்டு மக்களைச் சொல்லும்போது 'ஓராங் அஸ்லி' என்றே எழுதலாம். ஆனால் அதுவும் 18 இனங்களை ஒரே கூடையில் போடும் பெயர். தெரிந்தால் இனப்பெயரைச் சொல்வதே முறை: தெமியார், செமாய், ஜஹாய், பத்தெக், தெமுவான், மா மெரி, ஜாகுன். நம்மைத் தமிழர் என்று சொல்லாமல் எந்நேரமும் 'இந்தியர்' என்று மட்டும் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

அன்று மருந்தகத்தில் இவ்வளவும் என்னால் சொல்ல முடியவில்லை. "அது அவங்க பேர் இல்லைமா, மத்தவங்க வச்சது" என்று மட்டும் சொன்னேன். "அப்ப அவங்க பேர் என்ன?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் எழுந்து போய், அந்தத் தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோட்டத்து மலாயில் குழந்தைக்கு என்ன என்று கேட்டார். காய்ச்சல், நாலு நாளாக, என்றார் அவர். எந்த ஊர், என்ன இனம் என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார்.

திரும்பி வந்து அக்கா மகளிடம் சொன்னார்: "செமாயாம். பொண்ணுக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லையாம்."