காது கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை

"காது கேக்குது மேடம், பேசுறதுதான் புரியல." வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கமிருந்து வருகிறவர்கள் இப்படிச் சொன்னால், கூட வந்தவர்களே நம்புவதில்லை. லாரிச் சத்தம் கேட்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறார், அப்புறம் என்ன என்பார்கள்.

இவர்களில் சிலருடைய ஆடியோகிராமை, அதாவது எந்த ஓசை எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். 500 ஹெர்ட்ஸ் வரையிலான கனத்த ஓசைகள் ஓரளவு நன்றாகவே கேட்கும். 1000-ஐத் தாண்டியதும் கோடு சடாரென்று சரியும். 2000-க்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கட்டு, தட்டு, பட்டு மூன்றையும் பிரித்துக் காட்டும் நுண்ணிய ஓசை பெரும்பாலும் இந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் மூன்றும் ஒன்றாகவே விழும். ஹியரிங் எய்டில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பலன் இல்லை. அந்தப் பகுதியில் ஒலியை வாங்கும் செல்களே அழிந்திருக்கும்.

பரம்பரை, வயது, இயந்திர இரைச்சல் எனக் காரணங்கள் பல. இந்தப் பகுதியில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: முன்பு டி.பி.க்கு ஊசி போட்டீர்களா? ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின், அமிகாசின் ஊசிகள் சிலருக்கு மேல் ஓசைகளை, அதாவது கீச்சென்ற ஓசைகளைத்தான் முதலில் பறிக்கும். (இப்போது டி.பி. சிகிச்சை பெரும்பாலும் மாத்திரைகள்தான். இதைப் படித்துவிட்டுப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.)

இவர்களுக்கு ஒலி, மின்தூண்டல் இரண்டையும் ஒரே காதில் சேர்த்துக் கொடுக்க முடியும். உள்காதின் காக்ளியா நத்தை ஓடு போலச் சுருண்டது. வாசலில் மேல் ஓசைகள், உச்சியில் கீழ் ஓசைகள். எலெக்ட்ரோடை, அதாவது மின்துடிப்பைக் கொண்டுபோகும் மெல்லிய கம்பியை, அறுவை சிகிச்சை மூலம் வாசல் வழியாகச் செலுத்தி, அழிந்த பகுதிக்கு மட்டும் மின்தூண்டல் தருகிறோம். வெளியே மாட்டும் கருவி ஒன்றே. அது கீழ் ஓசைகளைப் பெருக்கிக் காதுத் துளைக்குள் விடும், மேல் ஓசைகளை மின்துடிப்பாக மாற்றி உள்ளே அனுப்பும். ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட்டைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஃபான் இல்பெர்க் குழுவினர் 1999-ல் இதை வெளியிட்டார்கள். மீன் ஏலம், கல்யாண மண்டபம் போன்ற இரைச்சலில் பேச்சைப் பிடிக்கவும், பாட்டின் சுருதியை உணரவும் அந்த மிச்சக் கீழ் ஓசை பெரிதும் உதவுகிறது. அதை "கொஞ்சம்தானே" என்று தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்காது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அறுவை சிகிச்சையில் அந்த மிச்சமும் போகலாம், சிலருக்கு மாதங்கள் கழித்தும் போகலாம். அதனால்தான் மெல்லிய எலெக்ட்ரோடை மெதுவாகச் செலுத்துகிறார்கள், ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். எலெக்ட்ரோடின் நீளத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குட்டையானது உச்சிக்குப் பாதுகாப்பு. ஆனால் பின்னால் கீழ் ஓசையும் போய்விட்டால், முழுக்க மின்தூண்டலுக்கு மாற நீளமானதுதான் கைகொடுக்கும். எது சரி என்பதை, உங்கள் கேட்கும் திறன் நிலையாக இருக்கிறதா, வேகமாகக் குறைகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆடியோகிராம் தாள்கள் எல்லாமே வேண்டும். தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள்.