‘அடைப்பு இல்லை’ என்ற ரிப்போர்ட்டுக்குப் பின்னால்

பெண்களின் இதய நலத்துக்கும் மூளை நலத்துக்கும் பாடுபட்டவர்களுக்கான விருதுகளைக் கவனித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஆய்வு செய்தவருக்கும் நோயாளிகளுக்காகக் குரல் கொடுத்தவருக்கும் ஒரே மேடையில் மரியாதை நடக்கும். அமெரிக்காவில் இதய நோயோடு வாழும் பெண்களுக்காக 1999-ல் தொடங்கப்பட்ட வுமன்ஹார்ட் அமைப்பின் வெங்கர் விருது இதற்கு நல்ல உதாரணம். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய இதய மருத்துவர் நானெட் வெங்கரின் பெயரில் அமைந்தது அது. வேறு துறைகளில் பிரசாரம் ஒரு பக்கமும் ஆராய்ச்சி ஒரு பக்கமுமாகக் கிடக்கும். இந்தத் துறையில் இரண்டையும் பிரிக்க முடியவில்லை, ஏனென்றால் ஆராய்ச்சிக்கான கேள்வியைப் பல நேரம் எழுப்பியவர்களே நோயாளிகள்தான்.

ஸ்கேட் (SCAD) என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் நோயையே எடுத்துக்கொள்வோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவர், காயமோ கொழுப்புப் படிவோ இல்லாமல் தானாகவே உள்ளுக்குள் பிரிந்துவிடுவதுதான் அது. 1931-ல் 42 வயதுப் பெண் ஒருவரின் பிரேதப் பரிசோதனையில் முதன்முதலாகப் பதிவானது. அதன் பிறகு எண்பது ஆண்டுகள் ‘அபூர்வ நோய்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவைக்கப்பட்டிருந்தது. ஒரு மருத்துவமனைக்கு ஆண்டுக்கு ஓரிருவர் வந்தால் யார் ஆய்வு செய்வது? இணையத்தில் ஒருவரையொருவர் தேடிப் பிடித்த நோயாளிகள், ‘இத்தனை பேர் இருக்கிறோம், எங்களை வைத்து ஆய்வு செய்யுங்கள்’ என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் இதய மருத்துவர் ஷரோன் ஹேய்ஸிடம் கேட்டார்கள். 2011-ல் வெளியான அந்த முன்னோட்ட ஆய்வில் இருந்தவர்கள் 12 பேர் மட்டுமே. ஆனால் உலகின் எந்த மூலையில் இருப்பவரின் ஆஞ்சியோகிராம் படத்தையும் வரவழைத்து ஆராயலாம் என்று அந்த 12 பேர் நிரூபித்தார்கள். அதே வழியில் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டும் பெரிய பதிவேடுகள் வளர்ந்தன. இன்று 50 வயதுக்குக் குறைந்த பெண்களின் மாரடைப்பில் கணிசமான பங்கு இந்த நோயால் வருகிறது என்பதும், கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் மாரடைப்புக்கு இதுவே முதன்மையான காரணம் என்பதும் தெரிந்திருக்கின்றன. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

சுவருக்குள் நடப்பது இதுதான். தமனிச் சுவரில் மூன்று அடுக்குகள். உள் அடுக்கில் கீறல் விழுந்து ரத்தம் நுழையலாம். அல்லது சுவருக்கே உணவூட்டும் மயிரிழைக் குழாய் ஒன்று உடைந்து சுவருக்குள்ளேயே ரத்தம் கட்டலாம். எப்படியானாலும், அந்த ரத்தக்கட்டு பக்கவாட்டிலிருந்து அழுத்த, ரத்தம் ஓடும் வழி நசுங்கிப்போகிறது. சாதாரண மாரடைப்பில் குழாய்க்குள் கொழுப்புப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து வழியை மறிக்கும். இரண்டிலும் நெஞ்சு வலி ஒன்று, இசிஜி மாற்றம் ஒன்று, ரத்தப் பரிசோதனையும் ஒன்று. வைத்தியம்தான் ஏறக்குறைய நேரெதிர்.

உறைவைக் கரைக்கும் மருந்து சாதாரண மாரடைப்பில் உயிர் காக்கும்; ஸ்கேட்டில் சுவருக்குள் கட்டிய ரத்தத்தைப் பெருக்கிவிடலாம். ஸ்டென்ட் வைக்கப் போனால், பற்பசைக் குழாயை நடுவில் அமுக்கியதுபோல ரத்தக்கட்டு இரு முனைகளுக்கும் பிதுங்கும். ஒன்று வைக்கப் போய் மூன்று, நான்கு ஸ்டென்ட் என்று நீளும். வலுவிழந்த சுவரில், தமனிக்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கேதீட்டரின் நுனி பட்டே புதிதாய்க் கிழியும் ஆபத்தும் உண்டு. ரத்த ஓட்டம் நின்றுபோகாமல், நோயாளி நிலையாக இருந்தால் கை வைக்காமல் விடுவதே பெரும்பாலும் சரி. சில நாட்கள் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பார்கள், பிளவு நீள்வதானால் முதல் வாரத்தில்தான் அதிகம் நீளும் என்பதால். அதன் பிறகு வாரங்கள், மாதங்களில் பெரும்பாலான குழாய்கள் தாமாகவே ஆறிவிடுகின்றன.

படத்தில் இதைப் பிடிப்பதுதான் கடினம். இரட்டைத் தடம்போலக் கிழிசல் தெரிந்தால் யாருக்கும் புரியும். ஆனால் அதிகம் காணப்படுவது வேறு வகை: குழாய் ஓரிடத்தில் சட்டென்று மெலிந்து, நெடுந்தூரம் வழவழப்பாக அப்படியே போகும். ‘இந்தம்மாவுக்குக் குழாயே சிறியது’ என்று கடந்துபோக எளிது. இன்னொரு தவறும் நடக்கும். இதயத்தோடு பரிசோதனையை நிறுத்திவிடுவார்கள். ஸ்கேட் வந்தவர்களில் பலருக்குக் கழுத்து, மூளை, சிறுநீரகத் தமனிகளின் சுவரிலும் கோளாறு இருக்கும். மூளைத் தமனியில் புடைப்புகூட இருக்கலாம். அதனால்தான் 2018-ல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கை, தலையிலிருந்து இடுப்புவரை தமனிகளை ஒருமுறை படமெடுத்துப் பார்க்கச் சொல்கிறது. இதய நலத்தையும் மூளை நலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு பரிந்துரையே போதும்.

படம் எட்டாத குழாய்கள்

ஸ்கேட்டாவது கூர்ந்து பார்த்தால் படத்தில் தெரியும். படத்தில் தெரியவே தெரியாத நோயும் உண்டு. ஆஞ்சியோகிராம் என்பது குழாய்க்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. அதில் தெரிபவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் 2 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள பெரிய குழாய்கள். அவை கிளைத்துக் கிளைத்து அரை மி.மீ.க்கும் கீழே போய்த் தசைக்குள் நுழைந்தபின் படத்தில் வெறும் புகைமூட்டம்தான். ஆனால் இதயத் தசைக்கு எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்று கூட்டிக் குறைப்பது அந்த நுண்குழாய்கள்தான். பெரிய குழாய் நெடுஞ்சாலை என்றால், சிக்னல்கள் எல்லாம் தெருக்களில் இருக்கின்றன. தெருவில் நெரிசல் இருக்கும்போது நெடுஞ்சாலையைப் படமெடுத்து ‘சாலை காலி’ என்று எழுதிக் கொடுத்தால் எப்படி?

1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய வைஸ் (WISE) ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. நெஞ்சு வலியோடு வந்து, பெரிய குழாயில் அடைப்பு இல்லை என்று அனுப்பப்பட்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுண்குழாய்கள் சரியாக விரியவில்லை என்று அது காட்டியது. ‘மனசுதான் காரணம்’, ‘வாயுவா இருக்கும்’ என்று கேட்டுக்கேட்டு அலுத்தவர்கள் அவர்கள்.

நுண்குழாயைப் பார்க்க முடியாவிட்டாலும் அளக்க முடியும். முதலில் நைட்ரோகிளிசரின் கொடுத்துப் பெரிய குழாயை விரிய வைத்து, அதன் இறுக்கம் கணக்கில் கலக்காமல் பார்த்துக்கொள்வார்கள். நுனியில் அழுத்தமும் வெப்பமும் அளக்கும் உணரி பொருத்திய மெல்லிய கம்பியைக் குழாயின் கடைப்பகுதிவரை இறக்குவார்கள். பிறகு அறை வெப்பத்தில் இருக்கும் உப்புநீரை, முறைக்கு 3 மில்லி வீதம் மூன்று முறை விரைவாகச் செலுத்துவார்கள். குளிர்ந்த அந்தச் சிறு அலை உணரியைச் சென்றடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அளவு. அடுத்து அடினோசின் என்ற மருந்தைச் செலுத்தி நுண்குழாய்களை முழுவதுமாக விரியச் சொல்லிவிட்டு, மறுபடி மூன்று முறை அதே உப்புநீர்.

கணக்கு இப்படிப் போகும். ஓய்வில் 0.72 நொடி, அடினோசினுக்குப் பின் 0.40 நொடி என்று வைத்துக்கொள்வோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.8. ஆரோக்கியமான இதயத்தில் ஓட்டம் இரண்டு மடங்குக்கு மேல் தாராளமாகக் கூட வேண்டும். 2-க்குக் கீழே என்றால் குழாய்கள் விரியவில்லை. அந்த நேரத்தில் கம்பி நுனியில் அழுத்தம் 80 என்றால், 80-ஐ 0.40-ஆல் பெருக்க 32 வரும். இது நுண்குழாய்களின் எதிர்ப்பைக் காட்டும் எண். 25-ஐ எட்டினாலே கோளாறு. கடைசியாக அசிட்டைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்தி, குழாய் விரிகிறதா, சுருங்கி இழுத்துக்கொள்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

இந்தச் சோதனை பொய்த்துப்போக ஒரு கோப்பை காபி போதும். காஃபின், அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். குழாய் விரியாது, இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். அதனால் முந்தைய நாளிலிருந்தே காபி, டீ கூடாது என்பார்கள். குழாயைத் தளர்த்தும் நைட்ரேட், கால்சியம் தடுப்பு மாத்திரைகளை நிறுத்தாமல் வந்தால் தலைகீழாக, இருக்கும் இறுக்கம் மறைந்துவிடும். எதை, எப்போது நிறுத்துவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாரடைப்பு உறுதியாகியும் பெரிய குழாயில் குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லாத பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குழாய்க்குள்ளிருந்தே ஒளியால் படமெடுக்கும் கருவியையும் இதய எம்ஆர்ஐயையும் சேர்த்துப் பயன்படுத்தியபோது, நூற்றில் சுமார் 85 பேருக்குக் காரணம் கிடைத்தது. அடைப்பு இல்லை என்றதும் கோப்பை மூடியிருந்தால் அத்தனை பேரும் காரணம் தெரியாமலே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

யாரை வைத்துப் போட்ட கோடு?

இதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிந்தால் மாரடைப்பு? பெண்களின் இதயம் சராசரியாகச் சிறியது, தசை குறைவு. ஆகவே நலமாக இருக்கும்போதே ட்ரோபோனினும் குறைவாகத்தான் இருக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு நுண்ணுணர்வுச் சோதனையில் லிட்டருக்கு ஆண்களுக்கு 34 நானோகிராம், பெண்களுக்கு 16 நானோகிராம் என்பது எல்லை. எடின்பரோவில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு, இருபாலருக்கும் 50 என்று ஒரே கோடு போட்டிருந்த பழைய சோதனைக்குப் பதிலாக இந்தத் தனித்தனி எல்லைகளை வைத்துப் பார்த்தது. மாரடைப்புச் சந்தேகத்தோடு வந்தவர்களில், மாரடைப்பு என்று உறுதியான ஆண்கள் 19 சதவீதத்திலிருந்து 21 ஆனார்கள். பெண்கள் 11-லிருந்து 22. இரட்டிப்பு.

கொண்டாடுவதற்குள் அடுத்த சேதி வந்தது. ஸ்காட்லாந்தில் 48,282 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், புதிய எல்லைகளால் கூடுதலாகப் பெண்கள் கண்டறியப்பட்டும் ஓராண்டு கழித்து அவர்களின் நிலை மேம்பட்டிருக்கவில்லை. ஸ்டென்ட் போன்ற சிகிச்சை ஆண்களுக்குக் கிடைத்ததில் ஏறக்குறைய பாதி அளவே பெண்களுக்குக் கிடைத்திருந்தது. கருவி சரியானதும் கை தானாகச் சரியாகிவிடாது. பிரசாரத்துக்கு இன்னும் வேலை இருப்பது இங்கேதான்.

இந்தக் கோணல் எங்கிருந்து வந்தது என்பதும் ரகசியமில்லை. இதய நோய்த் தடுப்புக்கான பழைய பெரும் ஆய்வு ஒன்றில் 12,866 பேர்; எல்லோரும் ஆண்கள். ஆஸ்பிரினைச் சோதித்த அமெரிக்க மருத்துவர்கள் ஆய்வில் 22,071 பேர், அவர்களும் ஆண்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 325 மி.கி. ஆஸ்பிரின் அவர்களின் மாரடைப்பை 44 சதவீதம் குறைத்தது. பெண்களுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2005-ல் 39,876 பெண்களை 10 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மி.கி. கொடுத்ததில் மாரடைப்பு மொத்தத்தில் குறையவில்லை. குறைந்தது பக்கவாதம், அதுவும் 17 சதவீதம். கூடவே வயிற்று ரத்தக்கசிவும் கூடியது, அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரை தொடங்க வேண்டாம். அமெரிக்காவில் அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று சட்டமே வந்தது 1993-ல்தான்.

மூளைப் பக்கம்

பக்கவாதம் என்றதும் தமனி அடைப்புதான் நினைவுக்கு வரும். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகளிலும் உறைவு வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது மூன்று மடங்கு அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் முக்கியக் காரணங்கள். வாய் கோணுவது, கை விழுவது என்று சட்டென்று தொடங்காமல் நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் தலைவலியாக வரும். படுத்தால் கூடும். பார்வை மங்கும், வலிப்பு வரும். சாதாரண சிடி ஸ்கேனில் பல நேரம் ஒன்றும் தெரியாது. சிரைகளைத் தனியாகக் காட்டும் படத்தைக் கேட்டு எடுக்க வேண்டும்.

இதன் வைத்தியம் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். வடிகால் அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவதுபோல, சிரை அடைத்ததும் அழுத்தம் ஏறி மூளைக்குள் ரத்தம் கசியலாம். அப்படிக் கசிந்திருந்தாலும் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின்தான் கொடுப்பார்கள். வடிகால் திறந்தால்தான் கசிவு நிற்கும்.

பார்வையில் மின்னல் கோடுகளோடு தொடங்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தரவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. மாத்திரை எழுதும்போது தலைவலியைப் பற்றிக் கேட்க வேண்டும். அரை நிமிட வேலை, பல இடங்களில் விட்டுப்போகிறது.

அதைவிட அதிகம் விட்டுப்போவது கர்ப்பகாலக் கேள்வி. 20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதம் போவது போன்ற உறுப்புப் பாதிப்பின் அறிகுறிகளும் சேர்ந்தால் அது ப்ரீஎக்லாம்ப்சியா. பிரசவத்தோடு முடிந்தது என்றுதான் குடும்பமே நினைக்கும். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007-ன் கணக்கில், இப்பெண்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு 3.7 மடங்கு, இதயத் தமனி நோய் 2.16 மடங்கு, பக்கவாதம் 1.81 மடங்கு என்று வந்தது. அடுத்த கர்ப்பத்தில் செய்யக்கூடியதும் உண்டு. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36-ம் வாரம்வரை தினமும் இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்த 2017-ன் சோதனையில், 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் அளவுக்கு முற்றிய ப்ரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. இதையும் மகப்பேறு மருத்துவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். தாமதமாகத் தொடங்கினால் பலன் குறைவு.

55 வயதில் நெஞ்சு வலியோடு வரும் பெண்ணிடம் சர்க்கரை, கொழுப்பு, புகை என்று எல்லாம் கேட்பார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய பிரசவத்தில் அழுத்தம் ஏறியதா என்று படிவத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்காது. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால் அதையும் எடுத்துப் போகலாம்.